8 ஷேக்குகள்... 12 உள்ளூர்க்காரர்கள்!



மார்கழி, தை மாதங்களில் சிங்காரப்பேட்டை கடைவீதியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கிய வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று தாண்டி வரும் டூரிஸ்ட் கார்கள் நம் கடைகளை உரசிக்கொண்டுதான் போகின்றன. செங்கம் கடந்தால் திருவண்ணாமலை. ரமணாசிரமத்துக்கும் மலை சுற்றவும் போகிறவர்கள் அங்கே இறங்கிக்கொள்ள, மற்ற வண்டிகள் புதுச்சேரிக்குப் போகும். வழியில் தண்ணீர் வாங்கவும், தேநீர் குடிக்கவும், கழிப்பறை தேடவும் நம் ஊரில் நிற்கிறார்கள்.

அப்படித்தான் ஒருநாள் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். மற்றவர் மகளாக இருக்கலாம். தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஐந்தாறு இளைஞர்கள். ஒருவன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். இன்னொருவன் கார் டிரைவரைப் பார்த்து, "ரேட் எவ்வளவுண்ணே?" என்று கேட்டான். டிரைவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பன்னிரண்டு ரூபாய்த் தேநீருக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்ட கடைக்காரரும் சிரித்தார். அந்தப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். கடைக்காரர் தொப்பி போட்டவர். எழுதுகிற நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

'ரேட் எவ்வளவு?' இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அதைக் கேட்பவன் நம் தெருப் பையன் மட்டுமல்ல என்பதால்!

நம் சாலையின் முனையில்...

திருவண்ணாமலையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டோம். 2018 ஜூலையில் ரஷ்யாவிலிருந்து வந்த 21 வயதுப் பெண், தான் வாடகைக்குத் தங்கியிருந்த அறையில் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பாலியல் வன்முறை வழக்கு பதிவாகி உள்ளூர் ஆட்கள் கைதானார்கள். 2025 மார்ச்சில் தியானம் செய்ய மலைக்குப் போன பிரெஞ்சுப் பெண், தன்னிடம் அத்துமீறியதாக வழிகாட்டி மீது புகார் கொடுத்தார். அந்த வழிகாட்டி கைது செய்யப்பட்டார். வழிகாட்டி! பாதை தெரியாதவர் நம்பிப் பின்னால் நடக்கிற ஆள்.

'வெளிநாட்டுக்காரிகள் உடுத்துகிற உடையே அப்படி' என்று ஒரு பதில் உடனே தயாராக வருகிறது. சரி, உடையையே எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் கடைசியில் ஆந்திராவிலிருந்து சரக்கு வண்டியில் தன் குடும்பத்துப் பெண்ணுடன் வந்த ஓர் இளம்பெண்ணைத் திருவண்ணாமலை புறவழிச்சாலையில் சோதனை என்ற பெயரில் நிறுத்தி, இறக்கிக் கொண்டுபோய்ச் சீரழித்ததாக இரண்டு காவலர்கள் கைதானார்கள். அவர்கள் பணியிலிருந்தே நீக்கப்பட்டார்கள். அந்தப் பெண் என்ன உடை உடுத்தியிருந்தாள்? சரக்கு வண்டியில் வரும் நம் வீட்டுப் பெண்கள் உடுத்துவதைத்தானே!

வியாபாரச் சகோதரர்களே, உங்களில் எத்தனை பேர் குடும்பத்தோடு சரக்கு வண்டியில் சந்தைக்குப் போகிறீர்கள்? வழியில் போகிறவளை மதிக்காத ஊர், அவள் கடவுச்சீட்டைப் பார்த்துத் தரம் பிரிப்பதில்லை. ரஷ்யப் பெண்ணிடம் தொடங்கியது வாழைக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வரும் பெண்ணிடமும் வந்து நிற்கும்.

பக்கத்துக் கர்நாடகத்தில், ஹம்பிக்கு அருகில் சனாப்பூரில், 2025 மார்ச் 6 இரவு நடந்ததை மறக்கவே முடியாது. கால்வாய்க் கரையில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் மோட்டார் சைக்கிளில் வந்த மூவர் பணம் கேட்டுத் தகராறு செய்தார்கள். உடனிருந்த ஆண்களைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒடிசாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் பிணமாகக் கிடைத்தார். இஸ்ரேலியப் பயணி ஒருவரும், அவரைத் தங்கவைத்திருந்த உள்ளூர்ப் பெண்ணும் வல்லுறவுக்கு ஆளானார்கள். 'இஸ்ரேல்காரிதானே' என்று ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். வெட்கமாக இருந்தது. பாலஸ்தீனத்துக்காக நாம் சிந்தும் கண்ணீர் உண்மையானது என்றால், அதை நம் சாலையில் நடக்கும் ஒரு பெண்ணின் மானத்தோடு கழித்துக் கணக்கு நேர் செய்ய முடியாது. விருந்தாளியாக வந்தவள் எந்த நாட்டுக்காரி என்று பார்த்தா அவளது பாதுகாப்பை நிர்ணயிப்பது?

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று மதரஸாவில் மனப்பாடம் செய்தோமே. அந்த வழிப்போக்கர் நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது செல்போனை நீட்டினோம்.

மற்றொரு பதிலும் உண்டு. இது தெருவிலிருந்து வருவதல்ல, மேலிடத்திலிருந்து வருவது. 2024 மார்ச் 1 அன்று ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றி வந்த ஸ்பானியப் பெண், கணவரின் கண்ணெதிரே கும்பலால் சீரழிக்கப்பட்டார். இந்தியாவில் பெண்களுக்கு நேரும் தொல்லையைப் பற்றி அப்போது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் எழுதினார். அதற்குத் தேசிய மகளிர் ஆணையத்தின் அப்போதைய தலைவர் சொன்ன பதில், 'நாட்டையே இழிவுபடுத்தாதே' என்ற பாணியில் இருந்தது. நாட்டை இழிவுபடுத்தியது யார்? செய்தவர்களா, சொன்னவரா?

ஓநாய்கள் விமானத்திலும் வருகின்றன

இதுவரை படித்துவிட்டு, 'வெள்ளைக்காரர்கள் எல்லாம் உத்தமர்களா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே வரும் வெளிநாட்டவரில், குழந்தைகளைத் தேடி வருகிறவர்களும் உண்டு.

கோவாவின் மட்காவில் அனாதைக் குழந்தைகளுக்கு 'குருகுலம்' நடத்திய பெரியவர் பிரெடி பீட்ஸ். ஊரில் அவருக்கு நல்ல பெயர். 1991ல் அவரைக் கைது செய்தபோது 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் கிடைத்தன. எல்லாம் குழந்தைகளைச் சீரழித்த படங்கள். இவர் தான் சீரழித்ததோடு நிற்கவில்லை, வெளிநாட்டுப் பயணிகளுக்கும் அந்தச் சிறுவர்களைக் கொடுத்தார். 1996ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, சிறையிலேயே செத்தார். மும்பை கொலாபாவில் தெருக் குழந்தைகளுக்கு 'ஆங்கரேஜ்' என்ற விடுதி நடத்திய டங்கன் கிராண்ட், முன்னாள் பிரிட்டிஷ் கடற்படைக்காரர். அவரும் அவருடைய கூட்டாளி ஆலன் வாட்டர்ஸும் 2006ல் தண்டிக்கப்பட்டார்கள். 2008ல் பம்பாய் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ப. சதாசிவம் அடங்கிய அமர்வு அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை மீட்டது. பிச்சையெடுத்துக்கொண்டிருந்த சிறுவர்களின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் நம்பியது என்பதை இங்கே அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

நம் மாமல்லபுரத்தில் 2002ல் குழந்தைகள் இல்லம் நடத்திய ஒரு டச்சு நாட்டவர் இதே குற்றச்சாட்டில் கைதானார். பிணையில் வெளியே வந்தார். 2009ல் அதே ஆள் சென்னையில் மீண்டும் கைது! இந்த முறை குழந்தைகளின் ஆபாசப் படங்களை இணையத்தில் ஏற்றியதாக, வெளிநாட்டுக் காவல்துறை துப்புக் கொடுத்த பிறகு. இடையில் ஏழு ஆண்டுகள் அவருக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தது யார்? 'வெள்ளைக்காரத் துரை, வாடகை கரெக்டாகக் கொடுக்கிறார்' என்று மகிழ்ந்தது யார்?

இந்த ஓநாய்கள் கடற்கரையில் அரை டவுசரோடு திரிபவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அனாதை இல்லம், இலவச ஆங்கில வகுப்பு, சைக்கிள் பரிசு, கிறிஸ்துமஸ் கேக், நோட்டுப் புத்தகம். தர்மம் என்ற போர்வைக்குள்தான் வருகிறார்கள். ஏழைத் தாய் கையெடுத்துக் கும்பிட்டுப் பிள்ளையை ஒப்படைக்கிறாள்.

நம் வீட்டுக் கணக்கு

மேலே உள்ளதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். 'மேற்கத்தியக் கலாச்சாரம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட நாக்கு துடித்திருக்கும். சற்றுப் பொறுங்கள். இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு இப்போதுதான் வருகிறேன்.

1991 ஆகஸ்ட். ஹைதராபாத்திலிருந்து டெல்லி செல்லும் விமானத்தில் ஒரு பத்து வயதுச் சிறுமி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் அறுபது வயது சவூதிக்காரர். ஒரு விமானப் பணிப்பெண் அருகில் போய் உட்கார்ந்து விசாரித்தார். 'இவர் என் கணவர்' என்றாள் குழந்தை. டெல்லியில் காவல்துறை காத்திருந்தது. நாடே அதிர்ந்தது. நம் பத்திரிகைகளில் சில, 'ஷரீஅத்தைக் கேவலப்படுத்த ஊடகங்கள் சதி' என்ற திசையில் பேனாவைத் திருப்பின. ஊடகங்களுக்கு அந்த நோக்கம் இருந்ததா இல்லையா என்பது வேறு விவாதம். அந்தக் குழந்தை அழுதது சதியா?

அதற்குப் பிறகு திருந்தினோமா? 2013ல் கோழிக்கோட்டில், அனாதை இல்லத்தில் வளர்ந்த 17 வயதுப் பெண்ணை ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஒருவர் 'நிகாஹ்' செய்தார். சில வாரங்கள் கழித்து அவளைக் கைவிட்டுப் போய்விட்டார். அனாதை இல்ல நிர்வாகத்தின் மீதும் வழக்கு பாய்ந்தது. மலையாளத்தில் இதற்கு 'அரபிக் கல்யாணம்' என்று தனிப் பெயரே உண்டு. பெயர் வைக்கும் அளவுக்கு அது பழகிப்போன காரியம்!

2017 செப்டம்பரில் ஹைதராபாத் காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. மொத்தம் 20 பேர். ஓமான் நாட்டவர் 5, கத்தார் நாட்டவர் 3, ஆக 8 ஷேக்குகள். மீதி 12 பேர் யார்? தரகர்கள் 5, லாட்ஜ் உரிமையாளர்கள் 4, காஜிகள் 3. அந்த மூவரில் ஒருவர் மும்பையின் தலைமைக் காஜி. பழைய நகரத்தின் ஏழைக் குடும்பங்களில் பெண் பார்த்து, மஹர் என்ற பெயரில் விலை பேசி, நிகாஹ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, அதே மேஜையில் தலாக் தாளையும் தயார் செய்து வைக்கும் வியாபாரம்.

எண்ணிப் பாருங்கள் சகோதரர்களே. 8 பேர் பறந்து வந்தவர்கள். 12 பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கலாச்சாரச் சீரழிவு மேற்கிலிருந்து வருகிறது என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அது மேற்கிலிருந்தும் வருகிறது, கிழக்கிலிருந்தும் வருகிறது, வளைகுடாவிலிருந்தும் வருகிறது. ஆனால் வந்து இறங்க ஓர் அறை வேண்டும், அழைத்துப் போக ஒரு வண்டி வேண்டும், பேசி முடிக்க ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றையும் எந்த விமானமும் ஏற்றி வருவதில்லை. மூன்றும் உள்ளூர்ச் சரக்கு.

கோவாவிலும் ஹைதராபாத்திலும் திருவண்ணாமலையிலும் ஆட்கள் வேறு, மதம் வேறு, நாடு வேறு. கேள்வி மட்டும் ஒன்று. 'ரேட் எவ்வளவு?' வெள்ளைக்காரன் நம் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறான். அரபு ஷேக் நம் பெண்ணைப் பார்த்துக் கேட்கிறான். நம் பையன் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிறான். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தைக் கூட இந்தக் கேள்விக்குப் பதிலாக மாற்றிவிட்டார்கள் பாவிகள். அடிமைப் பெண்ணைக் கூட உலக ஆதாயத்துக்காக அந்தத் தொழிலில் தள்ளாதே என்று தடுத்த வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு!

'இது ஹைதராபாத் கதை, நம்மூருக்கு என்ன?' என்கிறீர்களா? குழந்தைத் திருமணத்துக்குப் பெயர் பெற்றிருக்கும் மாவட்டம் நம்முடையது. ஓசூர் கம்பெனியில் வேலை, பெங்களூரில் வீட்டு வேலை என்று சொல்லி மலையடிவாரத்துப் பெண் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் முகம் தெரியாத ஆட்களை நாம் பார்த்ததே இல்லையா? வறுமை இருக்கிறது, எல்லை பக்கத்தில் இருக்கிறது, நெடுஞ்சாலை வாசலில் இருக்கிறது. மிச்சம் தேவைப்படுவது அந்த 12 பேர்தான்.

கடைக்காரருக்கும் சட்டம் உண்டு

லாட்ஜ், வாடகை வீடு, ஹோம் ஸ்டே வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் ஓர் இரவு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். 'சி படிவம்' என்று இதைத்தான் சொல்லி வந்தோம். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்களின் இடத்தில் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. கடமை அப்படியே இருக்கிறது. 'தெரிந்தவர் அனுப்பிய ஆள், பதிவு வேண்டாம், இருநூறு சேர்த்துக் கொடுப்பார்' என்று நினைத்தால், நாளை அந்த அறையில் என்ன நடந்தாலும் முதலில் தேடி வருவது உங்களைத்தான். விபச்சாரத்துக்கு என்று தெரிந்தே இடம் கொடுத்தால் 1956ஆம் ஆண்டின் தடுப்புச் சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை.

குழந்தை விஷயம் இன்னும் கடுமை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆவது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் புகார் செய்வது ஒவ்வொருவருக்கும் கடமை. மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவராக இருந்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது, பின்னால் அது தவறாகிப் போனாலும், வழக்குப் போட முடியாது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2024 ஆகஸ்ட்டில் நம் பர்கூர் பக்கத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்திச் சிறுமியைச் சீரழித்த வழக்கில், குற்றத்தைச் செய்தவனோடு, தெரிந்தும் மூடி மறைத்த பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் கைதாகி உள்ளே போனார்கள். 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்று நினைத்தார்கள். கெட்டது.

நிகாஹ் என்ற சொல் இதற்குக் கவசமாகாது. 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வல்லுறவே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று யார் வந்தாலும், அவருடைய கடவுச்சீட்டு, விசா, அவர் நாட்டுத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, பெண்ணின் வயதுச் சான்று ஆகியவை மேஜைக்கு வராமல் நிகாஹ் பதிவேட்டைத் திறக்காதீர்கள். சிபாரிசு செய்கிறவர் எவ்வளவு பெரிய ஹாஜியாராக இருந்தாலும் சரி. பள்ளிவாசலுக்கு நன்கொடை தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

டாக்சி, ஆட்டோ ஓட்டும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒன்று. 2018ல் ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்திருந்த லாட்வியா நாட்டுப் பெண் கோவளத்தில் காணாமல் போனார். சகோதரி ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டித் தேடினார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து உடல்தான் கிடைத்தது. 2022 டிசம்பரில் உள்ளூர் ஆட்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பெண்ணைக் கடைசியாகப் பார்த்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் காவல்துறை ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. நெடுஞ்சாலையில் கடைசியாகப் பார்ப்பவர் பெரும்பாலும் டிரைவர்தான், தேநீர்க் கடைக்காரர்தான். தனியாக வந்த பெண் எங்கே இறங்கினார், யார் வந்து அழைத்துப் போனார் என்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். பட்டதைச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவரோடு போகும் குழந்தை மிரண்டு மிரண்டு விழித்தால், அந்த விமானப் பணிப்பெண் செய்ததைச் செய்யுங்கள். பேர் கேளுங்கள், ஊர் கேளுங்கள், 1098க்கு ஒரு போன் போடுங்கள். வெளிநாட்டுப் பயணிக்குத் தொல்லை என்றால் 1363. அது இரவு பகல் எப்போதும், பல வெளிநாட்டு மொழிகளிலும் பேசும் எண். அவசரம் என்றால் 112.

எல்லை எங்கள் காவல் நிலையத்தைச் சேர்ந்ததல்ல என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. இன்னொன்று, பாதிக்கப்பட்டவரின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவதும் குற்றம். 'விழிப்புணர்வுக்காக' என்று தலைப்புப் போட்டாலும் குற்றம்தான்.

'சுற்றுலா வந்தால்தானே வியாபாரம், இப்படிக் கிளறினால் ஆள் வருமா?' என்று ஒரு பெரிய வணிகர் என்னிடம் கேட்டார். நம் ஊரில் வெளிநாட்டவர் விட்டுச் செல்வது தண்ணீர் பாட்டில் காசும் தேநீர்க் காசும்தான். பயந்தவர்கள் அதையும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செங்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தொடக்கத்தில் சொன்ன தேநீர்க் கடைக்காரரைச் சென்ற வாரம் போய்ப் பார்த்தேன். அன்றைக்குப் பேசாமல் இருந்தது என் தப்பும்தான் என்று சொல்லிவிட்டு, "நீங்களாவது ஒரு அதட்டல் போட்டிருக்கலாமே பாய்" என்றேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்த அம்மா ஒருநாள் வந்துட்டுப் போறவங்க. இவனுங்க தினமும் ஆறு டீ குடிக்கிறவனுங்க. நான் யாரைப் பாக்கறது, சொல்லுங்க?"

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நம் இதழ் அவர் கடைக்கும் போகிறது. பெஞ்சு மேலேயே கிடக்கும். அந்த ஐந்தாறு பேரும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.